கையால் செய்யும் அறம்

மேலைநாட்டார் கிறிஸ்துமஸ் காலத்தில் இஞ்சி ரொட்டியால் சிறு வீடுகள் செய்து விற்று, வரும் பணத்தை அறப்பணிக்கு வழங்குவதுண்டு. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பண்டார் தெங்காராவில் வாழும் நமக்குத் தீபாவளி முறுக்கு உண்டு. அதனை வீட்டிலேயே பிழிந்து, பள்ளியில் விற்று, வறிய மாணவர்க்கு உதவலாமே!

வெள்ளியாகவே நன்கொடை அளித்தல் எளிது என்பர் சிலர். ஆயினும் வெள்ளி இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கே பெறுபவனாகவே நிற்பான். மாவு பிசையும் இடத்திலோ அவனும் கொடுப்பவன் ஆகின்றான். எளியோர் ஒன்றுகூடினால் பெரும்பணியும் கைகூடும். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டப் பாட்டாளிகளின் சிறு சேமிப்பால் எழுந்ததன்றோ?

பெற்றோரே, எண்ணெய்ச் சட்டியருகில் நீங்கள் நில்லுங்கள். மாவு பிசைவதையும் பொட்டலம் கட்டுவதையும் வரவு செலவு எழுதுவதையும் பிள்ளைகளிடம் விடுங்கள் என வேண்டுகின்றோம்.