அளவுகோலின் மொழி

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை ‘மந்தம்’ என முடிவுகட்டும் வழக்கம் சமூகத்தில் வேரூன்றியுள்ளது. அதன்பின் நிகழும் விசேட கல்விக் கணிப்பீடு, அம்முடிவிற்கு முத்திரை குத்தும் சடங்காகவே பலராலும் கருதப்படுகின்றது. இக்கருத்து கல்விக்கும் நீதிக்கும் ஒவ்வாதது.

கணிப்பீட்டின் வரலாறே இதனை மறுக்கின்றது. 1905 இல் பாரிஸ் நகரில் அல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் நுண்மதிச் சோதனையை ஆக்கியது, மேலதிக உதவி வேண்டிய மாணவரைக் கண்டறிவதற்காகவே. நுண்மதி மாறாத அளவினது என்ற கொள்கையை 1909 இல் பினே வன்மையாகக் கண்டித்தார். உதவுவதற்கெனப் பிறந்த கருவியை ஒதுக்குவதற்குரிய கருவியாக்கியோர் பின்வந்தவரே.

சோதிக்கும் மொழி தவறுமாயின் விளைவு யாது? கலிபோர்ணியாவில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது பிள்ளைகள், ஆங்கிலச் சோதனையின் பேரில் உளவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் இடப்பட்டனர். தாய்மொழியில் மீளச் சோதித்தபோது அவருட் பெரும்பாலோர் அவ்வகுப்பிற்கு உரியவரல்லர் எனத் தெளிவாயிற்று. 1970 இன் ‘டயானா’ வழக்கு, பிள்ளையின் வீட்டு மொழியிலும் சோதித்தல் வேண்டும் என்ற உடன்பாட்டில் முடிந்தது.

பெரியநீலாவணைக்கும் இதிற் படிப்பினை உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இக்கரையோர ஊரின் மொழி தமிழே. ஆயினும் அது பாடநூலின் தமிழன்று. மிளகாயின் படத்தைக் கண்டு ‘கொச்சிக்காய்’ என விடைகூறும் பிள்ளைக்கும், தந்தையை ‘வாப்பா’ என்றே அறிந்த பிள்ளைக்கும் புள்ளி மறுக்கும் சோதனை, எதனை அளக்கின்றது? அறிவையா, அச்சுத் தமிழையா?

முறையான கணிப்பீடு செவியிலும் கண்ணிலும் தொடங்கும். காதுநோயாற் கேள்வி குன்றிய பிள்ளையும் கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும் சோம்பேறிகளாகத் தோன்றக்கூடும். அடுத்து, ஆசிரியரின் அவதானம், பெற்றோரின் கூற்று, வைத்தியர், உளவியலாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோரின் முடிவுகள் யாவும் ஒருங்கே எடைபோடப்படல் வேண்டும். பிள்ளைக்கு இயலாதவற்றோடு இயல்வனவும் எழுதப்படல் வேண்டும். பெற்றோருக்கு விளங்கும் தமிழில் அறிக்கை கையளிக்கப்படல் வேண்டும். காலந்தோறும் அது மீளாய்வு செய்யப்படலும் வேண்டும்.

ஆளணி இல்லை, பணமில்லை என்பர் சிலர். சிகிச்சையாளரைப் பொறுத்தவரை இது மெய்யாகலாம். ஆனால், கண்ணையும் காதையும் சோதிப்பதற்கும், தாயை இருத்திவைத்துக் கேட்பதற்கும் பெருநிதி தேவையில்லை. இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியிற் பாகுபாடு செய்தலை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. பிழையான கணிப்பீடோ, முன்வாசலாற் சேர்த்த பிள்ளையைப் பின்வாசலால் வெளியேற்றிவிடும்.

பிள்ளையை எந்த வகுப்பில் இருத்துவது என்று மட்டும் கூறி, நாளை அதற்கு எதனை எவ்வாறு கற்பிப்பது என்று கூறாத அறிக்கை, எத்தனை முத்திரைகளைத் தாங்கியிருப்பினும் வெற்றுக் காகிதமே.