கேட்பது சடங்காகலாமா?

வீதி யாருக்குச் சொந்தம்? வண்டி ஓட்டுபவருக்கா, நடந்து செல்பவருக்கா, வீதியோரம் குடியிருப்பவருக்கா? எல்லாருக்கும் சொந்தம் என்று விடை கூறுவது எளிது. எல்லாருக்கும் சொந்தமான ஒன்றை மாற்றியமைக்க வேண்டுமானால் எல்லாரையும் கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல் எழுகிறது. இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டனில் சில ஆண்டுகளாக இச்சிக்கல் பெரும் வழக்காக நடந்து வருகிறது. வேறொரு நாட்டின் வீதித் தகராறு நமக்கு எதற்கு என்று தோழியர் கருத வேண்டாம். மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி, எப்படிக் கேட்கக் கூடாது என்ற இரண்டு பாடங்களும் அதில் உள்ளன.

முதலில் திட்டம் என்னவென்று காண்போம். லண்டனில் 32 வட்டார மன்றங்கள் உள்ளன. குடியிருப்பு வீதிகள் அம்மன்றங்களின் பொறுப்பு. பெருஞ்சாலையில் நெரிசல் மிகும்போது, வாகன ஓட்டிகள் குறுக்கு வழி தேடி இவ்வீதிகளுக்குள் புகுந்து விரைகிறார்கள். அதைத் தடுக்க, சில சந்திப்புகளில் பெரிய செடித் தொட்டிகளையும் கம்பங்களையும் வைக்கிறார்கள். சில இடங்களில் வண்டியின் எண்ணைப் படம் பிடிக்கும் காமிராவை நிறுத்தி, மீறுவோருக்கு அபராதம் விதிக்கிறார்கள். நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் தடையின்றிப் போகலாம். எந்த வீட்டுக்கும் காரில் போய்ச் சேரலாம். ஆனால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற இயலாது. இதுவே போக்குவரத்துக் குறைந்த குடியிருப்புத் திட்டம்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. உள்வீதிகளில் வாகனங்கள் குறைகின்றன என்று 2024 மார்ச்சில் அந்நாட்டு அரசு வெளியிட்ட ஆய்வே கூறியது. பிள்ளைகள் அச்சமின்றிப் பள்ளிக்கு நடந்து போகலாம். எனினும், எல்லைச் சாலையோரம் குடியிருப்பவர் தம் வாசலில் நெரிசல் கூடுமே என்று அஞ்சுகிறார். காரையே காலாகக் கொண்டு வாழும் மாற்றுத்திறனாளி, சுற்று வழியால் நேரம் கூடுகிறதே என்று வருந்துகிறார். இரு தரப்பாரும் நல்லவர்களே. இரு தரப்பாரின் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆகவேதான் கேட்பது இன்றியமையாததாகிறது.

2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, நடப்பதற்கும் சைக்கிளுக்கும் வழி செய்யுமாறு அரசு 25 கோடி பவுன் ஒதுக்கி, விரைந்து செயல்படும்படி மன்றங்களைத் தூண்டியது. மன்றங்கள் சோதனை ஆணைகளைப் பிறப்பித்தன. இவ்வகை ஆணை 18 மாதங்கள் வரை செல்லுபடியாகும். முதல் ஆறு மாதங்களில் மக்கள் ஆட்சேபணை எழுதலாம். அதாவது தொட்டி முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது! தாலி கட்டிய பிறகு பெண்ணின் சம்மதம் கேட்பதா என்று பலர் கொதித்தெழுந்தனர். ஈலிங் வட்டாரத்தில் 2021-இல் மக்களைக் கேட்ட பின், ஒன்பது திட்டங்களில் ஏழு கைவிடப்பட்டன.

சோதனை செய்து பார்ப்பதே தவறு என்று நாம் கூற மாட்டோம். கண்ணால் கண்டபின் மனம் மாறுவதும் உண்டு. வால்தம் ஃபாரஸ்ட் வட்டாரத்தில் 2015-இல் இத்தகைய திட்டம் திறக்கப்பட்டபோது, எதிர்ப்பாளர்கள் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் வந்தனர். ஆயினும் அத்திட்டத்தைக் கொண்டுவந்த கட்சியே 2018-இலும் 2022-இலும் அங்கு மீண்டும் வெற்றி பெற்றது. எனவே சோதனை நடக்கட்டும். ஆனால் எந்த விளைவு கண்டால் திட்டம் நீடிக்கும், எது கண்டால் நீக்கப்படும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும். இல்லையேல் சோதனை என்பது பெயரளவில்தான்.

நேர்மையாகக் கேட்பது எவ்வாறு என்பதற்கு அந்நாட்டிலேயே நல்ல இலக்கணம் இருக்கிறது. அது பிறந்த இடம் ஒரு பள்ளி வழக்கு என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. லண்டனின் பிரென்ட் வட்டாரத்தில் பள்ளிகளை மூடும் முடிவை எதிர்த்து எழுந்த வழக்கில், 1985-இல் நான்கு நெறிகள் ஏற்கப்பட்டன. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். மக்கள் சிந்தித்து விடையளிக்கப் போதிய விவரம் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். கிடைத்த கருத்துகளை மனச்சான்றோடு எடைபோட வேண்டும். 2014-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் இவற்றை உறுதி செய்தது.

நான்காம் நெறியே கடினமானது. லண்டனின் லாம்பெத் வட்டாரத்தில், மேற்கு டல்விச் பகுதி மக்கள் 53 பக்க அறிக்கை ஒன்றைத் தம் மன்றத்துக்கு அளித்திருந்தனர். முடிவெடுக்கும்போது மன்றம் அதைக் கருத்தில் கொள்ளவில்லை. அதனால் அத்திட்டம் சட்டப்படி செல்லாது என்று 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செடித் தொட்டி தவறு என்று நீதிமன்றம் கூறவில்லை. மக்கள் எழுதித் தந்ததைப் பொருட்படுத்தாததே தவறு என்றது.

எதிர்த் திசையிலும் இப்படி நடந்ததுண்டு. டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில், வீதிகளை மீண்டும் திறப்பேன் என்று வாக்களித்தவர் 2022-இல் மேயரானார். கருத்துக் கேட்டபோது, பதிலளித்தவர்களில் பெரும்பான்மையோர் தடுப்புகள் இருக்கட்டும் என்றனர். இருந்தும் பெத்னல் கிரீன் பகுதியில் தடுப்புகளை அகற்ற 2023-இல் அவர் முடிவு செய்தார். தேர்தலில் கிடைத்த ஆணை பெரிதா, படிவத்தில் எழுதிய கருத்து பெரிதா? வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அடைக்கும்போது ஒரு தரப்பு அழுதது, திறக்கும்போது மறு தரப்பு அழுதது. முன்பே முடிவெடுத்துவிட்டுக் கேட்டால் இருதரப்பார்க்கும் மிஞ்சுவது கண்ணீரும் கசப்புமே.

இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. இத்திட்டங்களைப் பற்றி மன்றங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் அளித்த குடியிருப்போர் 13 சதவிகிதம் மட்டுமே என்று 2024-இல் அரசு தெரிவித்தது. தம் கருத்து முடிவைப் பாதித்தது என்று உணர்ந்தவர் 18 சதவிகிதமே. கேட்பவர் கேட்பதில்லை என்றால் சொல்பவர் ஏன் சொல்வார்? உரத்த குரல் உடையவர் இரு பக்கமும் முன் நிற்க, மெல்லிய குரல்கள் அமிழ்ந்து போகின்றன. அதிலும் சிறுவர் சிறுமியர் நிலை என்ன? அவர்களுக்குக் காரில்லை, வாக்கில்லை, படிவமும் அவர்கள் கைக்கு வருவதில்லை. ஆனால் நாள்தோறும் இருமுறை வீதியைக் கடந்து பள்ளிக்குப் போய் வருபவர்கள் அவர்களே!

ஆகவே நம் கருத்து இது. பதில்களை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. யார் பதில் எழுதவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வராதவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளைக் கோடு வரைந்த பிறகு கேட்காமல், வரையும்போதே உடன் அமர்த்த வேண்டும். ஒரு கருத்தை ஏற்க இயலாவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் காரணம் கூற வேண்டும். தோற்றவனுக்கும் காரணம் தெரிந்தால் ஆறுதல் உண்டு. காரணம் தெரியாத தோல்விதான் பகையாகிறது. ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதை நாம் அறிவோம்.

கேட்கும் கடமை ஆள்வோருக்கு என்றால், சொல்லும் கடமை நமக்கு. தோழியரே, நாளை நம் ஊரைப் பற்றிக் கருத்துக் கேட்டு ஓர் அறிக்கை வீட்டுக்கு வந்தால், அதை முழுதும் படிப்போம். வேண்டும், வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் காரணத்தையும் எழுதுவோம். நமக்கு வசதியானது அடுத்த வீதிக்குச் சுமையாகுமா என்று ஒரு கணம் எண்ணுவோம். பெற்றோரே, அவ்வறிக்கைக்கு விடை எழுதுமுன் உங்கள் பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வீதியில் அதிக காலம் நடக்கப் போகிறவர்கள் நாங்கள்தானே!