விலை கொடுத்தவனுக்கு உரிமை வேண்டும்!

கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிய சாமானைச் சில வருஷம் கழித்துக் கடைக்காரனே வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போனால், ஊர் அதைத் திருட்டு என்று சொல்லும். அதே காரியத்தை ஒரு பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் மூலமாகச் செய்தால், 'லைசென்ஸ் முடிந்தது' என்ற கௌரவமான பேர் வந்துவிடுகிறது.

பிரெஞ்சுக் கம்பெனியான யுபிசாஃப்ட், 2014-ம் வருஷம் 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியாக ஆடுகிறவர்கூட கம்பெனியின் சர்வரோடு இணைந்தால்தான் ஆட முடியும் என்ற விதத்தில் அது தயாரிக்கப்பட்டிருந்தது. 2024 மார்ச் 31-ந் தேதி சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்தவர்களின் விளையாட்டும் அன்றோடு நின்றது. ஏமாந்தவர்கள் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். விளையாட்டை விற்கவில்லை, உபயோகிக்க அனுமதிதான் கொடுத்தோம் என்று கம்பெனி வாதாடியது.

சேலம், நாமக்கல் ஜில்லா மக்களுக்கு இந்த வாதத்தின் அநியாயத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே பைனான்ஸில் லாரி எடுக்காத தெரு அபூர்வம். கடன் தீரும்வரை ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ்காரர் பேர் இருக்கும். கடைசி டியூ கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்தப் பேரை நீக்கிவிட்டால் வண்டி முழுக்க நம்முடையது. ஓட்டலாம், பழசானால் விற்கலாம். ஈவிரக்கமற்ற வட்டிக்காரனும் கடன் தீர்ந்த பிறகு வண்டிமேல் கை வைக்க முடியாது. விளையாட்டுக் கம்பெனியோ, முதல் நாளே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, என்றைக்கும் சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறது!

பிள்ளைகளின் விளையாட்டுக்காகவா இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். தறி ஓட்டுகிறவரும், லாரிப் பட்டறையில் வெல்டிங் பிடிக்கிறவரும், கோழிப் பண்ணையில் கூலி வேலை செய்கிறவரும் பெற்ற பிள்ளைகள்தான் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடுகிறார்கள். போகிற பணம் உழைப்பாளி வீட்டுப் பணம். தவிர, இந்த வியாதி விளையாட்டோடு நிற்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய டிராக்டரை விவசாயி சொந்தமாகப் பழுது பார்க்க முடியாதபடி மென்பொருளால் பூட்டு போட்டுவிட்டது என்று, ஜான் டீர் கம்பெனிமீது அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. இன்று பிள்ளையின் விளையாட்டில் வருகிற பூட்டு, நாளை அப்பனின் டிராக்டரிலும் தறியிலும் வரும்.

இந்த வியாபாரத்தின் இரட்டை நாக்கை நம் சுப்ரீம் கோர்ட்டிலேயே பார்த்தோம். பெட்டியில் அடைத்து விற்கும் மென்பொருளுக்கு விற்பனை வரி கேட்டபோது, அது சரக்கே அல்ல என்று கம்பெனித் தரப்பு வாதாடியது. அது சரக்குதான் என்று 2004-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போகும் பணத்தில் வருமான வரி பிடிக்க வேண்டும் என்று இலாகா சொன்னபோது, இதே துறையினர், இது சரக்கு விற்பனைதான், ராயல்டி அல்ல என்றார்கள். 2021 மார்ச்சில் அந்த வாதம் ஜெயித்தது. வரியைத் தவிர்க்க 'விற்றோம்' என்கிறவர்கள், வாங்கியவன் உரிமை கேட்டால் 'விற்கவில்லை' என்பது எந்த ஊர் நியாயம்?

விலை விஷயமும் அப்படித்தான். புதிய பெரிய விளையாட்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்கிறார்கள். டவுன்லோடு செய்கிறவனுக்குத் தட்டு இல்லை, பெட்டி இல்லை. கம்பெனிக்கு லாரி வாடகையோ கடை வாடகையோ இல்லை. ஆடி முடித்த பின் பாதி விலைக்கு இன்னொருவருக்குக் கொடுக்கவும் வழியில்லை. மிச்சமான செலவில் வாங்குகிறவனுக்குப் பங்கு எங்கே? நடுவில் இருக்கும் ஏகபோகக் கடைகளின் தரகு வேறு. கூகுள் தன் பிளே ஸ்டோரில் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் வசூலித்து வந்தது. அதன் கட்டண முறைக்காகப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைச் சுமார் 216 கோடியாகக் குறைத்துவிட்டது.

விலை குறைந்தால் விளையாட்டை உருவாக்கும் தொழிலாளி பாதிக்கப்படுவான் என்பார்கள். 2023 அக்டோபரில் சுமார் 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிலிசார்டை விழுங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த ஜனவரியிலேயே தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. கொழுத்த விலை யார் மடியில் விழுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. இணைப்பு இல்லாமலே ஆடும்படி, வாங்கியவரே பத்திரப்படுத்திக்கொள்ளும்படி, போலந்து நாட்டு ஜி.ஓ.ஜி. கம்பெனி விளையாட்டுகளை விற்று வருகிறது. அனுமதி மட்டுமே கொடுப்பதானால் அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம், கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்று ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஜனங்கள் சேர்ந்து கேட்டால் கம்பெனிகள் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒரு தரப்பு தானாகவே முறித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. நல்ல ஷரத்துதான். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை விசாரிக்கும் அதிகாரம் சேலம், நாமக்கல்லில் உள்ள மாவட்ட ஆணையங்களுக்கு இல்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 500 ரூபாய் பறிகொடுத்தவன் ஒரு நாள் கூலியையும் விட்டு, பஸ் செலவும் செய்து சென்னைக்கு நடையாய் நடப்பானா? ஏட்டில் உரிமை, எட்டாத உயரத்தில் நீதி!

ஆகவே நாம் மத்திய சர்க்காரைக் கோருகிறோம்: அனுமதி மட்டுமே கொடுக்கிற கம்பெனி, அதை விலைக்குப் பக்கத்திலேயே, தமிழ் உள்பட மக்கள் பாஷைகளில் எழுதட்டும். சர்வரை நிறுத்துகிறவர்கள், அது இல்லாமலே ஆட வழி செய்து கொடுக்கட்டும். முடியாதென்றால் பணத்தைத் திருப்பட்டும். ஒருவர் வாங்கியதை மற்றவருக்கு மாற்றித்தரும் உரிமை சட்டமாகட்டும். டவுன்லோடு விலையையும் கடைத் தரகையும் போட்டி ஆணையம் விசாரிக்கட்டும். நியாயமற்ற ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கும் வரட்டும்.

வாலிபர்களும் மாணவர்களும் பெற்றோரும் இக்கோரிக்கைகளை ஊர்தோறும் எழுப்ப வேண்டும். விலையை வாங்கிக்கொண்டவன் பொருளைக் கொடுத்தே தீர வேண்டும். லாரிக்கு உள்ள நியாயம் விளையாட்டுக்கும் உண்டு.