சிறு மூடியும் பெருந் தாமதமும்



கடலோரப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய நாளில், ஓரிரவு முதியவர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. காரின் முன்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. மிதிபம்பு கையிலிருந்தும், வால்வின் மூடி அசையவில்லை. பொறுமையிழந்து குறட்டால் திருகினோம்; ரப்பர்த் தண்டு கிழிந்து, எஞ்சிய காற்றும் வெளியேறிற்று. ஸ்டெப்னியை மாட்டிப் புறப்பட அரைமணி நேரம் கழிந்தது. முதியவர் பிழைத்துக்கொண்டார். எனினும் அந்த அரைமணி நேரம் நம் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது. ஏனெனில், அழகுக்கென்று அந்தப் பளபளக்கும் அலுமினிய மூடிகளை வாங்கி மாட்டியவர் வேறெவருமல்லர், நாமே!

மூடி ஏன் இறுகுகிறது? வோல்டா என்னும் இத்தாலிய அறிஞர் 1800ஆம் ஆண்டில், இருவேறு உலோகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். அதுவே டயரின் வால்விலும் நிகழ்கிறது. தண்டின் மரை பித்தளை, மூடியோ அலுமினியம், இடையே மழைநீரும் உப்புக்காற்றின் ஈரமும். இவை மூன்றும் கூடினால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. அப்பொடி மரையின் இடுக்குகளை அடைத்து, இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது.

இறுகிய மூடியைக் கழற்றப் பொறுமையே முதற்கருவி. மூடியின் அடிவிளிம்பில் துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு, இயன்றால் ஓரிரவு காத்திருங்கள். ரப்பரில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பின்னர் வெந்நீரில் நனைத்த துணியை மூடியின்மேல் சுற்றுங்கள். சூட்டில் பித்தளையைவிட அலுமினியம் மிகுதியாக விரிவதால் பிடி தளரும். தீச்சுடரை மட்டும் அருகில் கொண்டுசெல்லலாகாது, ரப்பர் கருகிவிடும்.

அடுத்து, இரண்டு குறடுகள் வேண்டும். ஒன்றால் மூடிக்குக் கீழேயுள்ள தண்டை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் மூடியை முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு இடப்புறமாகத் திருப்புங்கள். தண்டைப் பிடிக்காமல் திருகியதே நாம் செய்த பிழை. இதற்கும் அசையாவிடில், இரும்பறுக்கும் ரம்பத்தால் மூடியின் பக்கவாட்டில் நெடுக்காகக் கீறி, திருப்புளியால் நெம்பிப் பிளக்கலாம். உள்ளிருக்கும் மரையில் ரம்பம் படலாகாது. கைப்பழக்கம் இல்லாதோர் டயர் கடையில் வால்வையே மாற்றிக்கொள்வது நலம். ரப்பர் வால்வின் விலை சொற்பமே. ஆனால், காற்றழுத்தத்தை அறிவிக்கும் கருவி பொருத்திய புதிய கார்கள் பலவற்றில் வால்வுத் தண்டே அலுமினியத்தாலானது. அது முறிந்தால் செலவு பெரிது. ஆதலால் அங்கே வலிமையைக் காட்டாதீர்கள். அத்தகைய தண்டில் பித்தளை மூடியை மாட்டுவதும் தகாது; உள்ளே இடும் வால்வு ஊசியும் நிக்கல் முலாம் பூசியதாக இருத்தல் வேண்டும்.

இத்தனை தொல்லையும் வாராதிருக்க வழி எளிது. காருடன் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியே போதும், அது அரிபடுவதில்லை. உலோக மூடிதான் வேண்டுமென்போர் மரையில் சிலிக்கோன் கிரீசை மெல்லியதாகத் தடவி, விரலால் மட்டும் இறுக்குக. மூடியே வேண்டாமென்று விட்டுவிடவும் கூடாது. தூசியும் நீரும் வால்வுக்குள் புகாமல் காப்பது அதுவே.

எல்லாவற்றிற்கும் மேலாக, மாதம் ஒருமுறை ஸ்டெப்னி உட்பட ஐந்து சக்கரங்களின் மூடிகளையும் கழற்றி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதியுங்கள். மாதந்தோறும் கழலும் மூடி எளிதில் இறுகுவதில்லை. காற்றுக் குறைந்த டயர் ஓட்டத்தில் சூடேறி வெடித்து, குடும்பத்தையே ஆபத்துக்குள்ளாக்கலாம். மூடி இறுகிவிட்டதென்று காற்றுப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறவர் அந்த ஆபத்தையே தள்ளாமல் வைத்துக்கொள்கிறார்.

இவ்விதழைக் கீழே வைத்ததும், வாசலில் நிற்கும் வண்டியின் மூடிகளை ஒருமுறை திருகிப் பாருங்கள். அவசரம் வரும் இரவில் அவை உங்கள் விரலுக்கு இணங்கும்.