எங்கள் தெருக் கூழ்



ஆடி மாதம் எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் காலனிக்கு அதுதான் பெரிய பண்டிகை. கட்டிக் கொடுத்த பெண்களும், வேலைக்குப் போன பிள்ளைகளும் அன்று கட்டாயம் வந்துவிடுவார்கள். மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவர், சென்னையில் நர்ஸாக இருப்பவள், மறைமலைநகர் கம்பெனிப் பையன், எல்லோரும் ஒரே பந்தலில்!

இந்த வருஷம் என் மகள், "அம்மா, ஹாஸ்டல் சிநேகிதியையும் கூட்டிக்கிட்டு வரேன்" என்றாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கல்யாணமாகி வெளியூரில் இருந்தபோது, யார் கேட்டாலும் "மலையடிவாரம்" என்பேனே தவிர, காலனி என்று வாய் வராது. ஒருமுறை உண்மையைச் சொன்னேன். தினம் என் வீட்டில் காபி குடித்தவள், மறுநாள் முதல் வாசலோடு நின்றுவிட்டாள்.

"பிரியாணி செய்து வீட்டிலேயே உபசரித்து அனுப்பிடலாமே" என்றேன். அம்மா விட்டால்தானே! "ஏண்டி, நாம யார்கிட்ட என்ன திருடினோம்? வந்த பொண்ணு பந்தல்ல கூழ் குடிச்சிட்டுத்தான் போகணும்!"

பந்தலில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டியவர் யாரென்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்பதாவது படிக்கும் எங்கள் தெருப் பையன் மடமடவென்று சொன்னான்: "இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்துக்காரர். 1893-ல் 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தினார். பொது ரோடும் கிணறும் எல்லாருக்கும் உண்டுன்னு 1924-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரோட போனார்."

எனக்குச் சுருக்கென்றது. எந்தப் பெயரைச் சொல்லி ஏசினார்களோ, அதையே பத்திரிகைக்கு வைத்தாரே அந்த மனிதர்! நான் தெருப் பெயரைக்கூட விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் இரண்டு சொம்பு கூழ் குடித்து, செய்முறையும் கேட்டாள். உங்களுக்கும் சொல்கிறேன். கால் கிலோ கேழ்வரகு மாவை முதல் நாள் மாலை தண்ணீரில் கரைத்துப் புளிக்க வையுங்கள். மறுநாள் ஒரு கைப்பிடி அரிசி நொய்யை நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, கரைசலை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறவைத்து, அடுத்த நாள் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரையுங்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய நமக்கு எலும்புக்கு நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஒரு அம்மாள், "கழுக்குன்றத்துல எந்தத் தெரும்மா?" என்றாள்.

"காலனிங்க" என்றேன். அவள் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.