மழைக்காலத்தில் விரால் ஈஸியா மாட்டுவது ஏன்? தூண்டில்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்

தமிழக ஏரிகளில் விரால் பிடிக்க எந்த லூர் நல்லது என்று கேட்டால், பலர் ரப்பர் தவளையைத்தான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. தாமரை இலைக்கும் கோரைக்கும் இடையே பதுங்கி, தவளையையும் சிறுமீனையும் பிடிக்கும் மீன் விரால். ரப்பர் தவளையின் கொக்கி முனை உடலோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. கோடையில் தண்ணீர் வற்றி, மீன்கள் பள்ளங்களில் ஒதுங்கும். வெயில் ஏறும் முன் அங்கே வீசினால் பலன் கிடைக்கும்.

மழைக்காலக் கதையே வேற. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது விரால் முட்டையிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் திரியும். பெரிய மீன் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளை விழுந்தால் அது பாய்வது பெரும்பாலும் பசிக்காக அல்ல, குஞ்சுகளைக் காப்பாற்ற. இது தெரிந்தே அங்கு குறிவைப்பவர்களும் உண்டு.

'பிடிச்சிட்டு திரும்ப விட்டுடறோமே' என்பது சரியான சமாதானம் இல்லை. காவல் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருப்பது மீன்வளம் பெருகத்தான். அதே நியாயம் ஏரிக்கும் வேண்டும். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போவதே நல்லது. பெருகிக் கிடக்கும் ஜிலேபிக்கு மண்புழுவே போதும்.