சர்வர் மீது பழி!

"சர்வர் வேலை செய்யவில்லை. நாளைக்கு வாருங்கள்!"

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சான்றிதழுக்காக பஸ் ஏறி வந்தவரிடம் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரோ ஜோராக ஓடிக்கொண்டு இருக்கிறது. அதற்கும் அதே சர்வர்தான்! அப்படியானால் சர்வர் மீது பழி போடுவது என்ன நியாயம்?

முதலில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். சர்வருக்குப் போகும் கேபிளின் முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். துடைப்பம் பட்டு அது உடைந்தால் போதும், கேபிள் நழுவிவிடும். செருகும் இடத்தில் மினுக்கும் சிறு விளக்கும் அணைந்துவிடும்.

விளக்கு எரிந்தும் தொடர்பு இல்லையா? கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக் கதவு எண் போல ஓர் எண் உண்டு. அதைக் கொடுப்பதற்கென்றே அலுவலகத்தில் ஒரு கருவி இருக்கிறது. எண் 169.254 என்று தொடங்கினால், அந்தக் கருவியிடம் இருந்து எண் வரவில்லை. கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதோடு சர்வரைத் தேடினால் கிடைக்குமா?

எண் சரியாக இருந்தால், "பிங்" என்ற கட்டளையால் சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பதில் வந்தால் சர்வர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது!

இதற்கெல்லாம் என்ஜினீயர் வேண்டாம். குமாஸ்தாவுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தையும் ஒதுக்க வேண்டும்.

அதுவரை, வந்தவரின் மனுவைப் பக்கத்து மேஜையிலாவது வாங்கிக்கொள்ளலாமே!